நாலா

ராத்திரி பதினொன்றரை. முட்டை தீர்ந்து
அத்தோ கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
டெல்லிபாபு வண்டியை அணைக்காமலே கத்தினான்:
"யக்கா, ஸ்டான்லிக்கு வா. பர்மாக்காரன் ஒருத்தன்,
கப்பல்லேர்ந்து எறக்கிட்டாங்க.
என்னா சொல்றான்னு ஒருத்தருக்கும் வெளங்கல."

எனக்குத் தெரிந்த பர்மியம் அப்பாவின் கடையோடு சரி.
வெங்காயம், எண்ணெய், போதுமா, இன்னும் கொஞ்சம்.
அதில் குடல் இல்லை.

கட்டில் கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடந்தான்.
சட்டையில் கிரீஸ். மீசை சரியாக முளைக்காத முகம்.
வயிற்றைத் தொட்டு "நாலா?" என்றேன்.
டாக்டரம்மா சீட்டில் பத்துக்கு நாலு என்று எழுதினார்.
"நம்பர் இல்லம்மா,
வலிக்குதான்னு கேட்டேன்."

எப்படி வலி என்பதற்கு என்னிடம் சொல் கிடையாது.
மிளகாயா?
இல்லை.
அடுப்பா?
இல்லை.
கத்தியா, வெங்காயம் நறுக்குகிற கத்தி?
கண்ணை மூடிக்கொண்டான்.
தொப்புளிலிருந்து வலப்பக்கம் கீழே
விரலால் கோடு இழுத்தான்.
அதற்கு நான் தேவைப்படவில்லை,
தியேட்டருக்குத் தள்ளினார்கள்.

ஏஜென்ட் போன் எடுக்கவில்லை.
ஃபாரத்தில் உறவு என்றொரு கட்டம்.
"என்னான்னு போட?" என்றான் டெல்லிபாபு.
அத்தோ கடை என்று போடச் சொன்னேன்.
போட்டுவிட்டான்.

விடிகாலை ராயபுரம் வரைக்கும் கேட்டது
ஏதோ ஒரு கப்பலின் சங்கு.
அவனுடையதா, கேட்கவில்லை.

மூன்றாம் நாள் சூப் கொடுக்கலாம் என்றார்கள்.
வாழைத்தண்டு சூப், காரமில்லாமல், தூக்கில்.
ஒரு மடக்கு குடித்து, முகம் சுளித்து,
"சா" என்றான்.
டெல்லிபாபு பதறினான்: "சாவறேன்றானா?"

இல்லடா.
உப்பு கம்மியாம்.