வேலிக்கு அந்தப் பக்கத்து டேலியா

எங்கள் ஊரில் உயிரோடிருப்பவர்களுக்கு
ஒற்றைப்படையில்தான் பூக் கொடுக்கவேண்டும்.
இரட்டைப்படை செத்தவர்களுக்கு.
குல்டிகா சந்தையில் பூ விற்கும் பெண்கள்
காசை எண்ணுவதற்கு முன் காம்பை எண்ணுவார்கள்.

இன்று செப்டம்பர் ஒன்று.
காலை ஒன்பதுக்கு டெக்லா முதல் வகுப்பில் சேர்கிறாள்.
மதியம் இரண்டுக்கு
பக்கத்து வீட்டு சிகுர்ட்ஸைப் புதைக்கிறார்கள்.
இரண்டுக்கும் பூ என் தோட்டத்திலிருந்து.

ஐந்தரைக்கே இறங்கினேன்,
ரைமோன்ட்ஸின் ரப்பர் பூட்ஸில்,
இரவு உடைமேல் மழைக்கோட்டு.
ஆற்றுப் பக்கமிருந்து வந்த மூடுபனி
ஆப்பிள் மரத்தின் இடுப்புவரை நின்றது.

டேலியாவை மொட்டாக வெட்டினால் மொட்டாகவே சாகும்,
வாளியில் மலர அதற்குத் தெரியாது.
விரிந்ததாகப் பார்த்து
முதுகு இதழ் இன்னும் விறைப்பாயிருக்கிறதா என்று
கட்டைவிரலால் தடவி வெட்டினேன்.
கிளாடியோலஸ் அப்படியில்லை.
கீழ்ப்பூ ஒன்று வாய் திறந்தால் போதும்,
மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.
போன வாரத்துக் காற்று
பாதிப் பாத்தியைப் படுக்கவைத்துவிட்டிருந்தது.
தேடித் தேடித்தான் கிடைத்தது.

சிகுர்ட்ஸுக்கு எட்டு:
வெள்ளைக் கிளாடியோலஸ் நான்கு,
கறுப்பென்றே சொல்லிவிடலாம் என்ற சிவப்பில் டேலியா நான்கு.
டெக்லாவுக்கு ஏழு:
ஆரஞ்சு டேலியா மூன்று, ஊதா ஆஸ்டர் நான்கு,
சுற்றிலும் அஸ்பாரகஸ் தழை, புகை மாதிரி.

பதினோரு வருடம் எங்களுக்குள் சண்டை.
தண்ணீர்க் குழாய்க்காக, நாய்க்காக,
என் டேலியா அவர் பக்கம் சாய்ந்தால்
அது அவருடையது என்பார். சட்டம் என்பார்.
வெட்டிக்கொண்டுபோய்
என் கண்ணில் படும்படி சமையலறை ஜன்னலில்
வெள்ளரி ஊறுகாய் ஜாடியில் வைப்பார்.
எப்போதும் மூன்று.
ஒன்று நெட்டையாக, ஒன்று அதில் பாதி,
ஒன்று ஜாடியின் கழுத்தில் கன்னம் வைத்து.
திருட்டுப் பூவை அவ்வளவு நன்றாக வைக்கத் தெரிந்த மனிதர்.
டெக்லாவின் மூன்று டேலியாவையும்
அந்த உயரக் கணக்கில்தான் கட்டினேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

எட்டு நாற்பது.
புதுப் பையைத் தோளில் மாட்டித் திரும்பினாள்.
வார் பட்டு, பாதி உயரத்து டேலியாவின் தலை
கழன்று உருண்டு
செருப்பு அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
"ஆறு," என்றாள்.
எண்ணத் தெரியாமலா இந்த ஊரில் பிறந்தாள்?
"டீச்சர் செத்துப்போனதாக ஆகிவிடும்."

ஒன்றை எடுத்துவிடு, ஐந்தாகிவிடும்
என்றான் ரைமோன்ட்ஸ், கையில் கார் சாவியோடு.
"எனக்கு ஏழு வயது," என்றாள் அவள்.
அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.
வாளியிலிருந்து உருவினால்
சிகுர்ட்ஸுக்கு ஏழாகிவிடும்.
எழுந்து உட்கார்ந்து சட்டம் பேசுவார்.

வேலியில் ஒன்று இருந்தது.
மூன்றாம் பலகைக்கும் நான்காம் பலகைக்கும் நடுவே
கழுத்தை நுழைத்து
அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.
காலையிலேயே கண்ணில் பட்டதுதான்.
விட்டுவிட்டு வந்திருந்தேன். அவருடையது.

பூட்ஸ் போட நேரமில்லை.
வெறுங்காலோடு ஈரப்புல்லில் ஓடி
வேலிக்கு மேல் வயிறு அழுந்தக் குனிந்தேன்.
அவர் ஜன்னலில் ஜாடி அப்படியே இருந்தது.
தண்ணீர் வற்றி
மூன்றும் பழுப்பாகி.
நான் வெட்டினேன்.
இதழ்களுக்குள்ளிருந்து இடுக்கிவால் பூச்சியொன்று வந்து
என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்
திரும்ப உள்ளே போனது.
உதறவில்லை, நேரமில்லை. அதுவும் பள்ளிக்கூடம் போகட்டும்.

மதியம்,
சிகுர்ட்ஸின் தங்கை என் கையிலிருந்த கொத்தை
உதடசையாமல் எண்ணியதைப் பார்த்தேன்.
எட்டு. தலையசைத்து வாங்கிக்கொண்டாள்.
மண் இன்னும் சூடாக இருந்தது, வெயில் பட்டு.

சாயங்காலம் கத்தரிக்கோலைத் தேடினேன்.
வேலிக் கம்பத்தின் தலையில் இருக்கிறது,
அவர் பக்கத்துக் கம்பம்.
கை நீட்டினால் எட்டும்.
நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன்.