அரை விநாடி பிந்தி

எண்பத்தேழு, மாசி மாதம்.
பார்க்டேலில் ஹீற்றர் செத்த அறை.
செல்வநிதிதான் துண்டு கொண்டுவந்தாள்:
"ஸ்டுடியோவில சும்மா இருந்து சிரிச்சாக் காணுமாம்.
உள்ளுக்க நல்ல சூடு.
இடைவேளைக்கு முட்டைச் சான்ட்விச்."

இருநூறு கதிரைகள்.
எதிரே மூன்று சுவரோடு ஒரு வீடு.
நாலாவது சுவர் நிற்கவேண்டிய இடத்தில்
கோட்டுக் கழற்றாமல் நாங்கள்.

மேலே ஒரு பலகை.
சிவப்பாய் எரிந்தால் சிரிக்கவேண்டும்.
பலகையை வாசிக்க எனக்குத் தெரியும்,
பகிடிதான் பிடிபடாது.
முன்வரிசைத் தோள்கள் குலுங்குவதைப் பார்த்து
அரை விநாடி பிந்திச் சிரிப்பேன்.
செல்வநிதி என்னைப் பார்த்து, இன்னும் பிந்தி.
அவளுடையது சிரிப்பில்லை, ஒரு வெடிப்பு;
மூடிய தகரத்துக்குள் சோளம் பொரிவது மாதிரி.

திரும்பிவரும் ஸ்ட்ரீட்காரில்
பகிடியை எனக்கு விளங்கப்படுத்துவாள், பிழையாய்.
பிழையான பகிடிக்குச் சரியாய்ச் சிரித்தபடி
ஒரு தரிப்புத் தள்ளி இறங்குவோம்.

பதினொரு செவ்வாய்க்கிழமை போனோம்.
'கீழ்த்தளம் வாடகைக்கு' என்று நாடகத்துக்குப் பெயர்.
வாரம் ஒருக்கால் வீட்டுக்காரன் படியிறங்கி வந்து
"ஹீற்றிங் நாளைக்கு வரும்" என்பான்.
அதற்கு மட்டும்
பலகைக்கு முதலே சிரித்தோம்.
முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

இப்போது அதைப் புதிதாய் எடுத்திருக்கிறார்களாம்.
பார்த்துக் கருத்துச் சொன்னால் எழுபத்தைந்து டொலர்,
பழைய சனமும் கொஞ்சம் தேவையாம்.
நோர்த் யோர்க் ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறை,
பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு குமிழ்.
பிடித்தால் வலப்பக்கம், பிடிக்காவிட்டால் இடப்பக்கம்.
சான்ட்விச் இல்லை.
மாவில்லாத பிஸ்கட் ஏதோ வைத்திருந்தார்கள்.

புது வீட்டுக்கு நாலு சுவரும் உண்டு.
சிரிப்புச் சத்தத்தை எடுத்துவிட்டார்கள்.
ஒவ்வொரு பகிடிக்குப் பின்னாலும் ஒரு பள்ளம்,
கால் வைத்தால் விழலாம்.
வீட்டுக்காரனை நல்லவனாக்கிவிட்டார்கள்:
ஹீற்றிங் வேலை செய்கிறது, அவனுக்குத்தான் மனக்கவலை.
கீழ்த்தளத்துக்குப் பெரிய யன்னல்,
யன்னலுக்கு வெளியே ஏரி.

பக்கத்துக் கதிரைப் பிள்ளைக்கு இருபத்துமூன்று இருக்கும்.
பொதுவாய்க் கேட்டாள்:
"அந்த வீட்டுக்கு வாடகை எவ்வளவாம்?"
அறை முழுக்கச் சிரித்தது அதற்கு மட்டும்தான்.
குமிழை ஒருவரும் திருப்பவில்லை.
அது நாடகத்தில் இல்லையே.

இது ஓடுமா என்று கேட்டான் ட்ரெவர்,
சட்டையில் பெயர் குத்தியிருந்தவன்.
ஓடும் தம்பி, பஸ்ஸுக்குள் ஓடும்,
காதில் கொளுவிக்கொண்டு தனித்தனியே பார்ப்பார்கள்.
சிரிக்கத் தெரியாதவள் பார்த்துச் சிரிக்க
முன்னால் ஒரு தோள் இருக்குமா?

அந்தக் காலம் திறம் என்று சொல்ல வரவில்லை.
மாடிப்படி துடைக்க ஒருவன் வருவான்.
அவன் வாய் திறந்தாலே பலகை எரியும்.
அவனுடைய உச்சரிப்பு என் அண்ணருடைய உச்சரிப்பு.
அதற்கும் சிரித்தேன்.
சூட்டுக்கு நான் கட்டிய வாடகை அது.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று
பழையதில் இரண்டு நிமிடம் போட்டான்.
கறை பிடித்த வெளிச்சம். வீட்டுக்காரன் படியிறங்கினான்.
"ஹீற்றிங்..."
வசனம் முடியவில்லை, இருநூறு பேருக்கும் முந்தி
தகரத்துக்குள் சோளம்.

செல்வநிதி கல்கரியில் இருக்கிறாள்.
சீட்டுக் காசுத் தகராறில் பதினாறு வருசமாய்ப் பேச்சில்லை.
பிழை அவளில்தான், இப்பவும் சொல்வேன்.

திரும்ப ஒருக்கால் போட முடியுமா என்று கேட்டேன்.
மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் போட்டான்.
பிறகு தாளில் என்னவோ குறித்தான்.
எட்டிப் பார்த்தேன்:
அறுபதுக்கு மேற்பட்ட பெண்களிடம்
நல்ல வரவேற்பு.