கைமடி

சனிக்கிழமை. எட்டரைக்கு மெஷின் நின்ற பிறகும்
காதுக்குள் ஓவர்லாக் ஓடிக்கொண்டேயிருக்கிறது.
சம்பளக் கவரை எண்ணாமலே இடுப்பில் செருகிக்கொண்டு
நொய்யல் பாலம் தாண்டி
பஞ்சர் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில்
பொங்கியண்ணன் வண்டி முன்னால் நிற்கிறேன்.

பலகையில்,
வான்டன் நூடுல்ஸ். அரை ஐம்பது, முழுசு தொண்ணூறு.
கடன் என்பதற்குப் பிறகு இருந்ததை
ஐப்பசி மழை அழித்துவிட்டது.
அதைத் திரும்ப எழுத அவருக்கு மனசில்லை.

சிங்கப்பூரில் பதினோரு வருஷம்
ஒரு சீனர் கடையில் கிண்ணம் கழுவினார்.
கழுவிய நேரத்தில் கண்ணால் திருடியதுதான் இது எல்லாம்.
"பாத்துக் கத்துக்கறதுக்கு மட்டும்
அந்த ஊர்ல பைன் இல்லீங்" என்பார்.

வண்டி போட்ட புதிதில்
திருப்பூரே கேட்டதாம்:
ஏனுங், இது சோமாசிங்களா, கொழுக்கட்டைங்களா?
தண்ணிக்குள்ள போட்டு அதைய ஏனுங் கெடுக்கறீங்?
இப்போது யாரும் கேட்பதில்லை.
பீகார்ப் பையன்கள், ஒடிசாப் பெண்கள்,
காதில் துண்டு கட்டிய தாராபுரத்து டிரைவர்,
எல்லோரும் வட்டலை நீட்டுகிறோம்.

நூடுல்ஸ் வேகும்வரை நான் பார்ப்பது
அவர் விரல்களை.
சதுர மாவு. நடுவில் சுண்டைக்காயளவு கோழிக்கறி.
விளிம்பில் ஈரவிரலால் ஒரு கோடு.
முக்கோணமாய் ஒரு மடிப்பு.
இரண்டு காதையும் பின்னால் இழுத்து ஒரே அழுத்து.

மடிப்பதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்.
ஒன்பது வருஷமாய் நான் கைமடி.
டைலர் தைத்துத் தள்ளுவதை
இழுத்து, நூல் வெட்டி,
தோளோடு தோள் சேர்த்து, மடித்து, அடுக்கி.
டஜன் கணக்கு டைலர் பெயரில் ஏறும்.
எந்த ஊரிலோ எவரோ அதை உதறிப் போட்டுக்கொள்வார்.
உதறுகிறவருக்கு மடிப்பு தெரியாது.

வந்துவிட்டது.
சீன எண்ணெய்க்குப் பதில் காங்கேயத்துச் செக்கு நல்லெண்ணெய்.
மேலே வெங்காயத்தாள்.
கறுப்பு சாஸில் மினுங்கும் மஞ்சள் இழைகள்,
வேஸ்ட் மூட்டையை அவிழ்த்தால்
இப்படித்தான் பொங்கும்.
பக்கத்துக் கிண்ணியில் சூப்பு, அதில் ஐந்து வான்டன்.

குச்சியில் தின்பது நான் மட்டும்தான்.
முதல் நாள் சிரித்தார்கள்.
ஓவர்லாக் ஊசிக்கு நூல் கோக்கிற சாமணத்தை
நடுவில் உடைத்தால் இரண்டு குச்சி,
இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

முதல் வாய் நாக்கைச் சுட்டது. சுடட்டும்.
வாரம் முழுக்கப் பஞ்சு அடைத்த மூக்கு
இந்த ஆவியில் ஒழுகித் திறக்கிறது,
இஞ்சி தெரிகிறது, கோழி தெரிகிறது,
பின்னாலேயே சாயப்பட்டறைச் சாக்கடையும்.

நான்காவது வான்டன் வாய் பிளந்து
கறி தனியே மிதந்தது.
தூக்கிக் காட்டினேன்.
"அண்ணா, சைடு பிரிஞ்சிருக்குது. செக்கிங்ல நிக்காது."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"கூட்டம் நெம்பச் சாஸ்தி அம்மிணி. போச்சாது, தின்னு."

போச்சாதாம்.
எங்கள் கம்பெனியில் ஒரு பீஸ் பிரிந்தால்
முப்பது டஜன் பெட்டியும் திரும்பி வரும்.

வட்டலை அப்படியே வைத்துவிட்டு
கை கழுவி
அடுப்புக்கு அந்தப்பக்கம் போனேன்.
ஒரு சதுரம் எடுத்தேன்.
ஈரத்தை அவரைவிடக் குறைவாய்த் தொட்டு,
உள்ளே காற்று நிற்காமல் நீவி,
காலர் முனையை மடக்குவதுபோல் மடக்கி
கொதிக்கிற தண்ணியில் விட்டேன்.

முங்கிற்று.
சித்த நேரம் ஆளையே காணோம்.
பிறகு மேலே வந்து, புரண்டு,
பிரியாமல் நின்றது.
தாராபுரத்துக்காரர் விசிலடித்தார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.
மாவுத்தட்டை என் பக்கம் நகர்த்தினார்.
"பீஸுக்கு எத்தனைங்?" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
கையைத் துடைத்துக்கொண்டு
கால்குலேட்டரைத் தேடுகிறார்.

அங்கே என் நூடுல்ஸ் ஆறுகிறது.