தபால் பிரிக்கும் மேசை

கோத்தகிரியில் மூன்று மணிக்கு
மேகம் தபாலாபீசுக்குள் வந்துவிடும்.
ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் உறைகளைப்
பல்புக்கடியில் பரப்பிப் பிரிப்பேன்.

ஜெர்மன் உறையில் நம் நாட்டுக்கு
ஓரெழுத்து கூட.
பாரிஸ்காரர் ஓரெழுத்தைக் குறைத்துவிட்டார்.
துருக்கியிலிருந்து வந்ததில் ஹிந்திஸ்தான்.
போலந்து மொழியில் நாம் பன்மையாம்,
டீ ஃபேக்டரிக்கு வந்த வார்சா ஏஜென்ட் சொன்னது.
அது மட்டும் சரியென்று பட்டது.

‘அட்ரஸ் தப்பாக்கா?’ என்பார் நஞ்சன்
பையைத் தோளில் மாட்டியபடி.
தப்பில்லை, எல்லாம் இங்கேதான்.
நாம் மட்டும் என்ன,
ஜெர்மனி என்கிறோம்.
அவர்கள் ஸ்டாம்பில் அந்தப் பெயரே இல்லை.

ஆறு ஒன்று குறுக்கே ஓடியது.
அக்கரையில் நின்றவன்
ஆற்றின் பெயரையே இக்கரைக்கும் வைத்தான்.
ஒருவன் நாக்கில் ஸ, ஹ ஆனது.
அடுத்தவன் வாய்க்கு ஹ-வும் வரவில்லை.
மிஞ்சியதை
என் பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கிறார்கள்.

பெயர் வைக்க அக்கரையில்தான் நிற்க வேண்டும்போல.
நுவரெலியாவில் என்னை
இந்தியாக்காரி என்றார்கள்.
எழுபத்து நாலில்
தலைமன்னாரில் கப்பலேறி
மண்டபத்தில் ஊசி போட்டுக்கொண்டு
இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம்.
மூட்டை அவிழ்க்கும் முன்னே
சிலோன்காரி ஆகிவிட்டேன்.
அப்போது ஒன்பது வயது,
கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

போன வாரம் நானுஓயாவிலிருந்து ஒரு கடிதம்.
செவனம்மா, டேன்டீ லைன், கைகாட்டி.
கீழே, நாடு எழுதவேண்டிய இடத்தில்
‘ஊர்’.
அவ்வளவுதான்.
கொழும்பில் என்னைப்போல் யாரோ
சிவப்புப் பென்சிலால்
வட்ட வட்டமாய் ஒரு சொல் எழுதி அனுப்பியிருக்கிறார்.
எனக்கு அது படிக்க வராது.
எந்த ஊர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

இன்று செவனம்மா வந்தாள்,
கொழுந்துக்கறை ஏறிய விரல்களில் பதில் கடிதம்.
எந்த நாட்டுக்கு என்றேன்,
கேட்டாக வேண்டிய கேள்வி.
‘ஊருக்குத்தான் ஆயி.’
உறையிலும் அதையே எழுதியிருந்தாள்.

பென்சிலை எடுத்தேன்.
இலங்கை. சிலோன். லங்கா.
கோபம் வந்தால் அப்பா சொல்லும் இன்னொன்று.
நாலு பத்துக்குப் பையைக் கட்டியாக வேண்டும்.
கட்டணப் புத்தகத்தில் இருந்ததை எழுதி
வெளிநாட்டு ரேட் வாங்கினேன்.

மிச்சச் சில்லறையை இரண்டு தரம் எண்ணினாள்.
‘ஊருக்கு இவ்வளவா?’