ரசீது

ஆறு புள்ளிகள்.
வரைபடத்தில் சிவப்பாக, கடுகளவு.
தரையில் ஒவ்வொன்றும் முந்நூறு மீட்டர் ஆழம்.
அதைச் சொல்லத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள்
மேலூரைத் தாண்டி, சுனைக்கரைப்பட்டிக்கு,
கம்பெனி ஜீப்பில், ஒரு கிலோ மைசூர்பாகோடு.

மந்தையில் ஜமுக்காளம் விரித்திருந்தது.
இனிப்பை யாரும் பிரிக்கவில்லை.
"போன வாரம் ராத்திரி
மலைமேல நீல லைட்டு அடிச்சது நீங்கதானா?"

நான்தான்.
இருட்டில் புறஊதா விளக்கைக் காட்டினால்
டங்ஸ்டன் தாது வெளிர்நீலமாக விழிக்கும்.
அன்று பாறை இடுக்கில் ஒரு முழ நீளம்
விழித்துக்கொண்டது.
கீழே ஊரும் விழித்திருந்தது என்பது
இப்போதுதான் தெரிகிறது.

அ-பதிவேட்டின் நகலை நீட்டினேன்:
அரசு புறம்போக்கு, பாறை.
அடக்கியம்மை வாங்கிப் பார்த்தாள்.
வார்டு மெம்பர். பஸ் நிறுத்தத்தில் ஜெராக்ஸ் கடை.
"எங் கடையில எடுத்ததுதான் இது.
ஒங்க டிரைவர் ரெண்டு ரூவா பாக்கி."
சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.
அடங்கியதும் கேட்டாள்:
"பாறை யாருக்கும் சொந்தமில்லைன்னா
எங்ககிட்ட எதுக்குக் கையெழுத்து?"

விதி எண்ணைச் சொன்னேன்.
சமூக ஒப்புதல் என்றேன்.
என் வாயிலேயே அது தகரமாய் ஒலித்தது.

துளை போடத் தண்ணி?
லாரியில் வரும்.
லாரிக்கு?
பேனாவை மூடித் திறந்தேன்.
நாலாவது புள்ளி எந்த எடம்?
சுனைக்கு மேற்கே நாற்பது மீட்டர் தள்ளி.
"சுனை எங்க முடியுதுன்னு ஒங்க மிஷினு சொல்லிச்சா?"
இரண்டாம் கரைக்காரர் சேவுகராசு, குரல் உயர்த்தாமல்.
"பங்குனி பொறந்தா நாங்க அம்மிகூடக் கொத்துறதில்ல,
சத்தம் மலைக்குக் கேக்கும்னு.
நீங்க எத்தன நாளு ஓட்டுவீக?"
நூற்றிருபது நாள். இரவும் பகலும்.

வேலை எத்தனை பேருக்கு என்று ஒருவன் எழுந்தான்.
முத்திருளன். டிப்ளமோ.
திருப்பூரிலிருந்து போன மாதம் திரும்பியவன்.
பதினொரு பேருக்கு, நாலு மாதம் என்றேன்.
பதினொன்று என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான்.
அவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை,
வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தான்.

மறுபடி மலை ஏறலாமா என்றேன்.
ஏறலாம், செருப்பில்லாமல்.
பகல் பதினொரு மணி.
இருபது வருடம் பாறை படித்தவன்
முதல்முறையாக உள்ளங்காலால் படித்தேன்.
பாதி வழியில் தாங்காமல் இறங்கினேன்.

இறங்கியதும் அடக்கியம்மை,
"அன்னைக்கிச் சுத்தியல் சத்தமும் கேட்டுச்சே.
ஒடச்சது எங்க?"
பெங்களூரில். ஆய்வகத்தில்.
"எம்புட்டு?"
முந்நூற்று நாற்பது கிராம்.
கடையின் பில் புத்தகத்தை எடுத்தாள்.
பொருள்: மலைக்கல்.
எடை எழுதினாள். என் பெயரை எழுதினாள்.
திருப்பித் தரும் தேதி என்ற இடத்தில்
பேனாவை என்னிடம் கொடுத்தாள்.
அதை விட்டுவிட்டுக் கீழே ஒப்பமிட்டேன்.
ஆறு பக்கப் படிவத்தோடு போன நாளில்
அந்த ஊரில் விழுந்த கையெழுத்து
அது ஒன்றுதான்.

ஆய்வகத்தில் கல்லை மாவைவிட நுணுக்கமாய் அரைப்பார்கள்.
ஒரு பங்கை உருக்குவார்கள், ஒரு பங்கை அமிலத்தில் கரைப்பார்கள்.
கிடைப்பது ஒரு எண், தசமப் புள்ளியோடு.
எண் நல்ல எண்தான். மேலிடத்தில் கைகுலுக்கினார்கள்.
மிச்சத்தைக் கேட்டு மூன்று முறை எழுதினேன்,
குப்பைக்குப் போவதை எதற்குக் கேட்கிறீர்கள் என்றார்கள்.

இன்று ஜீப் இல்லை. டவுன் பஸ்.
சட்டைப் பையில் ரசீது,
கைப்பையில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டலம்.
இருட்டில் விளக்கைக் காட்டினால்
இந்தத் தூளும் நீலமாய் விழிக்கும்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
முதலில் இரண்டு ரூபாயைக் கொடுத்தேன்.

அடக்கியம்மை பக்கத்துக் கறிக்கடையிலிருந்து
தராசை வாங்கி வந்து,
தட்டைத் துடைத்து,
பொட்டலத்தை வைத்தாள்.
முள் ஆடிக்கொண்டிருக்கிறது.