உப்புக்குத்தான் முதலில் தெரிந்தது

அரோசா கழிமுகத்தில் கடல் பின்வாங்கும் நேரம்
பதினொரு பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று
மட்டி வாருகிறோம்.
கறுப்பு ரப்பர் உடை, ஆளுயர முள்வாரி,
இடுப்புக் கயிற்றில் மிதக்கும் கூடை.

அந்தச் செவ்வாய்க்கிழமை
தையல் விட்ட இடத்தில் உள்ளே புகுந்த நீர்
எங்கே போய் எரிந்தது என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
நினைத்தேன்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
அலை ஏறும் வரை.

என் கைத் தழும்புகளுக்கு வரலாறு உண்டு.
இது சிப்பி, இது தூண்டில்,
இது அமான்சியோவின் பழைய படகுக் கொக்கி.
இந்தக் கீறலுக்கு மட்டும்
இடமும் இல்லை, பெயரும் இல்லை.
'அங்கே' என்பேன் மனசுக்குள்,
ஏதோ வெளியூர் போல.

அழுக்குதான் காரணம் என்று
லாவெண்டர் சோப்பால் தேய்த்தேன்.
எரிந்தது. இன்னும் தேய்த்தேன்.
வாசனைத் துடைப்பான்,
பிறகு, வெட்கக்கேடு, வினிகர்.
சிறுநீர் கழிக்கப் பயந்து
தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.
இரவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
அமான்சியோ தன் தலையணையைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.
ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தில் மருத்துவச்சி சபேலா
என் மகள் வயதுகூட இராது.
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:
'யாராவது உங்களை வலிக்க வைக்கிறார்களா?'
பூனைக்கு மீன் போட்டால்கூட
முள் எடுத்துப் போடுகிற ஆள் அவன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டாள்.
கேட்க வேண்டிய கேள்விதான்.

பிறகு ஒரு கைக்கண்ணாடி தந்தாள்.
ஐம்பத்து நான்கு வயதில்
இரண்டு பிள்ளைகள் வந்த வாசலை
முதல்முறை பார்க்கிறேன்.
இதழ்கள் சேரும் கீழ்மடிப்பில்
ஓர் அரிசி நீளச் சிவப்புக் கோடு.
காகிதம் விரலை அறுத்தால் எப்படியோ, அப்படி.
இவ்வளவுதானா?
இவ்வளவுக்கா அவ்வளவு?

மாதவிலக்கு நின்று மூன்று வருடம்.
ஈஸ்ட்ரோஜன் வற்றினால்
அங்கே தோல் வெங்காயச் சருகாகிவிடுமாம்.
அதன்மேல் தினம் ஐந்து மணிநேரம் ஈர ரப்பர்.
மிச்சமிருந்த எண்ணெய்ப் பசையை
சோப்பு வழித்துக் கொண்டுபோயிருக்கிறது.
பூஞ்சையா என்று பார்க்கப்
பஞ்சுக்குச்சியில் தொட்டு எடுத்தாள்.
வெள்ளைத் திட்டு இல்லை என்றாள்,
வந்தாலோ, இதே கோடு இதே இடத்தில் மறுபடி பிளந்தாலோ
உடனே வரச் சொன்னாள்.

சோப்பை விடுங்கள். வெதுவெதுப்பான நீர், உங்கள் கை, போதும்.
துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.
சிறுநீர் போகும்போதே நீர் ஊற்றிக்கொள்ளுங்கள், எரியாது.
கடலுக்குப் போகும் முன் வாசனையில்லாத வாசலின்.
கரை ஏறியதும் உடையைக் கழற்றுங்கள், அரட்டை பிறகு.
இரவுக்கு ஒரு களிம்பு எழுதித் தந்தாள்.
ஆறும் வரை உறவு வேண்டாம்,
ஆறியபின் வழுவழுப்பு ஜெல்லோடு, அவசரமில்லாமல்.
'இதை அவரிடம் சொல்ல வேண்டும், சுவரிடம் அல்ல.'

சுவரைப் பற்றி நான் சொல்லவே இல்லையே.

வெள்ளிக்கிழமை கரையில்
வாசலின் டப்பாவோடு திரும்பி நின்றதை
ஒப்டூலியா பார்த்துவிட்டாள்.
யோனி என்று சொன்னேன், முழுப் பெயரும் சொன்னேன்,
காற்றில், பத்துப் பேர் காதுபட.
அவள் தன் கூடையிலிருந்து
அதே டப்பாவை எடுத்துக் காட்டினாள்.
ஒன்பது வருடமாகப் பூசுகிறாளாம்.
'ஏண்டி சொல்லவில்லை?'
'நீ கேட்டாயா?'
அன்று முழுக்க அவளோடு பேசவில்லை நான்.

அடுத்த அமாவாசை வற்றலில்
தையல் வழியே மறுபடி நீர் புகுந்தது.
வாரியை ஊன்றி, மூச்சைப் பிடித்து
நின்றேன்.

குளிர்ந்தது.
அவ்வளவுதான், குளிர்ந்தது.