புள்ளிக்குப் பிறகு ஒன்று

மெசயீத், எண்ணெய்த் தொட்டிகளின் தெற்கு வேலி.
செப்டம்பர் இருபது. நண்பகல் தடை முடிந்து ஐந்து நாள்;
இனி இந்த எண் ஒன்றுதான் குடை.
முக்காலியில் மூன்று குமிழ்கள்.
ஒன்று உலர்ந்தது, ஒன்று ஈரத்துணி சுற்றியது,
ஒன்று கறுப்புக் கோளம்,
வெயிலை முகத்துக்கு நேராய் வாங்குவது.
பெருக்கிக் கூட்டி ஓர் எண் சொல்லும்.
முப்பத்திரண்டு புள்ளி ஒன்றைத் தாண்டினால்
செங்கொடி ஏறும், சாரம் இறங்கும்.

ஆறு மாதத்துக்கொருமுறை
இதைச் சரிபார்க்க வருகிறவன் நான்.
எவ்வளவு தப்பும் என்பதையும் சேர்த்தே எழுதுவேன்:
கூட்டியோ குறைத்தோ புள்ளி மூன்று.
தன் பிழையின் அளவைத் தானே அறிவிக்கிற மெய்
எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.
வேதம் சொன்னவர்களும் தீர்ப்பு எழுதியவர்களும்
அந்தக் குறியைப் போட்டு நான் பார்த்ததில்லை.

இன்று முக்காலி நகர்ந்திருந்தது.
இரண்டடுக்குக் கொள்கலனின் வடப்பக்க நிழலில்.
மணலில் மூன்று குழிகள் பழைய இடத்தைச் சொல்லின.
கருவி பொய் சொல்லவில்லை.
முப்பது புள்ளி ஆறு:
நிழலைப் பற்றிய சுத்தமான உண்மை.
மேலே பதினெட்டுப் பேர்
வேறோர் உண்மையில் குழாய் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வையாளர் பென்னி என்றே முடிவுகட்டினேன்.
நீதிமானாக ஆசைப்படும் மனம்
குற்றவாளியை முதலில் பிடித்துக்கொண்டு
சாட்சிக்குப் பிறகுதான் ஆளனுப்பும்.
பென்னி கோதமங்கலத்தில் இருக்கிறார், விடுப்பில்.

நகர்த்தியவர் அருள்செபமாலை.
உவரிக்காரர். சாரம் கட்டுகிறவர்.
தலைத்துணியைப் பிழிந்தபடி ஒளிக்காமல் சொன்னார்:
"கொடி ஏறுனா மணிக்கு ஏழு ரியால் போச்சு தம்பி.
படகுக்கு ஒரு எஞ்சின் பாத்து வச்சிருக்கேன்.
கடனுமில்ல, கல்யாணமுமில்ல.
ஆசதான்."

சிறுநீரகம், உப்பு, நாற்பது பாகையில் மூளை என்று
நான் ஒரு பாடம் வைத்திருந்தேன்.
அவருக்கு அது தேவைப்படவில்லை.
போன ஆகஸ்டில் தில் பகதூரைத் தூக்கி இறக்கிய
நான்கு கைகளில் இரண்டு அவருடையவை.
அறியாமையால்தான் தவறுகிறோம் என்று
எவனோ நிழலில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

தமிழில் உடம்புக்கும் மெய் என்றே பெயர்.
எழுத்தில் மெய்யின் தலைமேல் ஒரு புள்ளி.
உயிர் வந்து சேர்ந்தால் அந்தப் புள்ளி போய்விடும்.
மதிப்பெண்ணுக்காக எழுதிய இலக்கணம்
இந்த வெயிலில் ஏன் நினைவுக்கு வந்தது?
புள்ளியோடு நான் கீழே நிற்கிறேன்.
புள்ளி போனவர்கள் மேலே வேர்க்கிறார்கள்.

முக்காலியை மூன்று குழிகளில் திரும்ப நட்டேன்.
கறுப்புக் கோளம் நிதானிக்க இருபது நிமிடம் ஆகும்.
நானும் பக்கத்தில் நின்றேன், தொப்பியில்லாமல்;
யாருக்கு எதை நிரூபிக்க என்று தெரியாமல்.
முப்பத்தொன்று புள்ளி நான்கு.
புள்ளி எட்டு.
முப்பத்திரண்டு புள்ளி பூஜ்யம். அங்கேயே நின்றது.

சட்டம் வேலை செய் என்றது.
என் கூட்டல் கழித்தல் குறி வாய் திறக்கவில்லை.
சந்தேகத்தின் பலன்
நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு.
இங்கே யாருக்கு? ஆசைக்கா, உடம்புக்கா?
ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன.
மற்ற பதினேழு பேரை யாரும் கேட்கவேயில்லை,
நான் உட்பட.

கொடியை ஏற்றினேன்.
படிவத்தில் முப்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் என்றே எழுதினேன்,
காரணம் என்ற கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
மூன்று மணி நேரம்.
என் நேர்மைக்கு அருள்செபமாலை
இருபத்தொரு ரியால் கட்டினார்.

இறங்கி வந்து, கருவியைச் சுற்றிப் பார்த்து,
கறுப்புக் கோளத்தை விரலால் தொட்டு
சுட்டதும் கையை உதறிக்கொண்டார்.
"இது என்ன வெல?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.
"அடேயப்பா," என்றார், சிரித்தபடி,
"எஞ்சினே வாங்கிப்புடலாமே."